தோற்றுக்கொடுக்கும் வேலை

எங்கள் மெத்தைக் கடைக்கு ஒருநாள் காலையில் ஒரு கை தையலுக்கு வந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம், சின்னத் தலையணை அளவுக்குப் பருமன். மேல்துணி கிழிந்து உள்ளே இருந்த பஞ்சு அங்கங்கே எட்டிப் பார்த்தது. கொண்டுவந்து வைத்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விளையாட்டுக் கால்சட்டை, கழுத்தில் விசில். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்துவிட்டு, இப்போது பழைய பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார். எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாய்க்காரர்கள் கூட.

கடை என்னுடையதும் மாமாவுடையதும். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. குள்ளம், கொஞ்சம் தொப்பை, எப்போதும் சட்டையில் பஞ்சு. மெத்தையை ஒரு தடவை தடவினால் உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை வருடம் யார் படுத்தார்கள், எந்தப் பக்கம் புரள்வார்கள் என்று சொல்லிவிடுவார். அந்தக் கையை வாங்கி இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"இதுக்குள்ள பஞ்சு வச்சது யாருங்க?"

"ஏன், தப்பா?" என்றார் டீச்சர்.

"இதை நாய் கடிக்கும்னு சொல்றீங்க. பஞ்சு வச்சா பல்லு நேரா உள்ள போயிடும். சணல் துணியை அடுக்கி வச்சுத் தைக்கணும். முழங்கைகிட்ட கெட்டியா ஒண்ணு வேணும். ரெண்டு நாள் கொடுங்க."

இரண்டு நாளில் தைத்து முடித்து, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவரே எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் வந்துவிட வேண்டியவர் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். முதுகு முழுக்கப் புழுதி. ஒரு செருப்பைக் காணோம். முகம் மட்டும் பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் முகம்.

நடந்தது இதுதான். அந்தக் கையை மாட்டிக்கொண்டு திருடனாக நடிக்கிறவருக்கு அன்று காய்ச்சல். நாய் தயாராக நிற்கிறது, திருடன் இல்லை. டீச்சர் மாமாவைப் பார்த்து, "சும்மா நில்லுங்க. நாய் வரும், கையை நீட்டுங்க. அவ்வளவுதான்" என்றிருக்கிறார்.

"அவ்வளவுதான்னு சொன்னாங்க மாப்ள," என்றார் மாமா என்னிடம். "முப்பத்தஞ்சு கிலோ பறந்து வருது."

விழுந்தவர் எழுந்து, நாய் பிடித்த இடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முழங்கைக்குக் கீழே இன்னும் ஒரு அடுக்கு வேண்டும் என்றும், மறுநாள் தானே வந்து சோதித்துப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த மறுநாள் இன்றுவரை முடியவில்லை. காய்ச்சல்காரர் குணமாகி வேறு வேலைக்குப் போனார். மாமா திருடனானார்.

காலையில் மெத்தை, மூன்று மணிக்கு மேல் திருட்டு. எனக்கு முதலில் கடுப்புதான். கடையில் ஆள் வேண்டிய நேரத்தில் ஒருவர் போய் நாயிடம் கடி வாங்கிக்கொண்டு வருகிறார் என்றால் யாரிடம் சொல்வது? அக்காவிடம்தான் போய்ப் புலம்பினேன். அக்கா கண்ணாடிக் கடையில் பார்வை அளவு எடுக்கிறவள். எதையும் சரியான லென்ஸ் போட்டுத்தான் பார்ப்பாள்.

"அவரு சந்தோஷமா வர்றாரா, இல்லையா?"

"சந்தோஷமாத்தான் வர்றாரு. கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? மாமா என்ன பண்றாருன்னு கேட்டா?"

"பாதுகாப்புத் துறைன்னு சொல்லு," என்றாள்.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. திருடனாக வருகிறவர் பலசாலியாக இருக்க வேண்டும், நாயை அடக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவருடைய வேலை தோற்பது. ஒவ்வொரு முறையும் நாய் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால்தான் அடுத்த முறை அதற்குத் தைரியம் வரும். ஆனால் இவர் விட்டுக்கொடுத்தார் என்று அதற்குத் தெரிந்துவிடக் கூடாது. நாய்க்கு எவ்வளவு பலம் இருக்கிறதோ, அதைவிட ஒரு நூல் குறைவாக இவர் எதிர்க்க வேண்டும். குட்டி நாய்க்கு ஒரு அளவு, முரட்டு நாய்க்கு ஒரு அளவு. எந்தப் போட்டியிலும் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லாதவர் மாமா. கேரம் போர்டில் அக்காவிடமே தோற்பார். "இவ்வளவு நாளா சும்மா தோத்துக்கிட்டு இருந்தேன் மாப்ள. இப்பதான் அதுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு," என்பார்.

ஒரே ஒரு குறை. அவருக்கு நாய் என்றால் உயிர். ஆனால் பயிற்சியில் இருக்கிற நாயைத் திருடன் தொடக் கூடாது, கொஞ்சக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. ஆறு வருடத்தில் எங்கள் பக்கத்து நாய்களில் பாதி அவரிடம் பாடம் படித்திருந்தன. தெருவில் அவர் நடந்தால் வாசலுக்கு வாசல் குரைப்பு கேட்கும். அவர் நிற்காமல் தலையைக் குனிந்தபடி, "நல்லா குரைக்கறே, நல்லா குரைக்கறே," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவார்.

அப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மா வந்தார்.

வீடு வீடாகப் போய் ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் துடைத்துப் புரட்டிவிடுவது அவர் வேலை. பதினோரு நோயாளிகள். சந்து பொந்தெல்லாம் வண்டி போகாது என்பதால் தோளில் மருந்துப் பையோடு நடந்தே போவார். கூடவே ஒரு நாய். ஒரு நோயாளி வீட்டில் பிறந்த குட்டியை எடுத்து வளர்த்தது. மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். எந்த வீட்டுக்குள் போனாலும் கூடத்தின் நடுவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, என்ன கவனிப்பு என்று நிமிர்ந்து பார்க்கும். அதைப் பார்த்த ஒரு பாட்டையா மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்தது. நர்ஸம்மா கொஞ்சம் தாமதித்தால், "ஊசி மெதுவா போடலாம், மாப்பிள்ளை எங்கே?" என்பார்களாம்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், கால்வாய் ஓரப் பாதையில் பட்டப்பகலில் ஒருவன் நர்ஸம்மாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். தள்ளிவிட்டதில் மணிக்கட்டு உடைந்தது. மாப்பிள்ளை அப்போதும் கூடத்தான் இருந்தது. பையைப் பிடுங்கினவன் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்ததாம். விளையாட்டு என்று நினைத்திருக்கிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் பதினோரு வீடும் தவித்துப்போயின.

கட்டுப் பிரித்ததும் நாயைப் பழக்கவேண்டும் என்று முதலில் வேறு யாரிடமோ போயிருக்கிறார். அந்த ஆள், பத்து நாள் இருட்டறையில் கட்டிப்போட்டு, அரை வயிறு சோறு போட்டு, வேற்றாட்களை விட்டு அடிக்கச் சொன்னால் நாய் தன்னால் கடிக்கும் என்றானாம். நர்ஸம்மா நாயின் சங்கிலியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என் நாய் நோயாளி வீட்டுக்குள்ள வரணும் டீச்சர்," என்றார் மைதானத்தில் நின்றுகொண்டு. "குழந்தை, வயசானவங்க, புத்தி தடுமாறினவங்க, எல்லாரும் இருப்பாங்க. அதையும் கெடுக்காம, இதையும் கத்துக்கொடுக்க முடியுமா?"

"முதல்ல பாப்போம்," என்றார் டீச்சர்.

அன்று என்னையும் மாமா கூட்டிப்போயிருந்தார், திருடன் வேஷத்துக்கு அவரே தைத்த புது உடுப்பின் தையலைப் பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல. டீச்சர் மாப்பிள்ளையின் பக்கத்தில் ஒரு தகரத் தட்டைக் கீழே போட்டார். அது திடுக்கிட்டு ஒரு அடி தள்ளி நின்று, பிறகு வந்து தட்டை முகர்ந்தது. குடையைச் சடாரென்று விரித்தார். வந்து குடைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. தகரத் தகட்டின் மேல் நடக்கவிட்டார். சத்தம் வந்ததும் இன்னொரு முறை நடந்து சத்தம் கேட்டது. கடைசியில் மாமா. தலை முதல் கால் வரை திண்டு மாதிரி உடுப்பு, கையில் தடி, தொண்டை கிழிய ஒரு கத்தல். டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார்.

மாப்பிள்ளை சாவகாசமாக எழுந்து போய், அவர் காலடியில் மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டியது.

மைதானத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "என் ஆறு வருஷ நடிப்பை அரை நிமிஷத்துல காலி பண்ணிடுச்சு," என்றார் மாமா. நர்ஸம்மா முகம் சுண்டிப்போய் நின்றார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுக்குப் பயமே கிடையாது," என்றார். "இங்க வர்ற முக்கால்வாசி நாய் பயந்து கடிக்கறது. பயந்த நாய் திருடனையும் கடிக்கும், பால்காரரையும் கடிக்கும். அதைத் திருத்தறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். இந்த நாய் கடிக்கவே வேண்டாம். உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல வந்து நிக்கணும். சொன்னா குரைக்கணும். சொன்னா நிறுத்தணும். மூணே பாடம். நாலு மாசம் ஆகும்."

சொல்லுக்கு எந்த வார்த்தை வைப்பது என்று நர்ஸம்மாவே யோசித்தார். நோயாளி வீட்டில் யாரும் பயந்துவிடக் கூடாது. நடுவில் வந்து நின்று குரைக்க 'கவனி'. நிறுத்த 'போதும்'.

மாமா அதுவரை என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அந்த வாரமே எனக்கு மச்சான் என்று பேர் மாறியது. மைதானத்தில் அவர் என்னைக் கூப்பிட்டால் நாய் எழுந்து வருகிறது என்றார். எனக்கு என்ன மரியாதை பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் வெறும் விளையாட்டு. கயிற்றின் நுனியில் சாக்குத் துண்டைக் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு மாமா ஓடுவார். மாப்பிள்ளை துரத்தும். பிடிக்கப் போகும்போது இழுத்துவிடுவார். ஐந்தாவது முறை பிடிக்க விடுவார். மூன்றாவது வாரம் சாக்குத் துண்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். மாப்பிள்ளை உட்கார்ந்து பார்த்தது. சுற்றி வந்து பார்த்தது. முன்காலால் அவர் முழங்காலைத் தட்டியது. அவர் அசையவில்லை. நர்ஸம்மா பின்னாலிருந்து "கவனி" என்றார். அன்றைக்கு அந்த வார்த்தையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை வாயைத் திறந்து, தும்மலுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் போட்டது.

அவ்வளவுதான். மாமா அலறிக்கொண்டு ஓடினார். சாக்கைப் போட்டுவிட்டு, முப்பதடி ஓடி, டயரில் தடுக்கி, அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்து, எழுந்து மறுபடியும் ஓடி, வேலிக்கு வெளியே போய்விட்டார். நானே ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை அப்படியே நின்றது. ஓடுகிற ஆளைப் பார்த்தது. திரும்பி நர்ஸம்மாவைப் பார்த்தது. நானா செய்தேன் என்று அந்த முகம் கேட்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா குந்தி உட்கார்ந்து, கை நிறைய மண்ணோடு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். போய்த் தட்டிக்கொடுக்க முடியாதே என்ற ஏக்கமும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

அதற்குப் பிறகு குரைக்கச் சொல்லித்தர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நிறுத்தத்தான் முடியவில்லை. தன் குரலுக்கு ஒரு முழு ஆளே ஓடுகிறான் என்று கண்டுபிடித்த நாய் ஏன் நிறுத்தப்போகிறது? நர்ஸம்மா "போதும், போதும்மா, போதும் கண்ணு" என்று கெஞ்சுவார். அது காதிலேயே போட்டுக்கொள்ளாது. ஒருநாள் ஒரு நோயாளி வீட்டில், டீ கொண்டுவந்த மருமகளைப் பார்த்துக் குரைத்துவிட்டது. டம்ளர் கீழே விழுந்தது. நர்ஸம்மா அன்று மாலை அழுதுகொண்டே மைதானத்துக்கு வந்தார். அவர் வரும்போதே மாப்பிள்ளை மாமாவைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

"வேண்டாம் டீச்சர். எனக்கு என் பழைய நாய் போதும். பை போனாப் போகுது. அந்த வீட்டுல அவங்க எப்படி நடுங்கிட்டாங்க தெரியுமா?" என்றவர், குரைப்புச் சத்தத்தில் தன் பேச்சே கேட்காமல், நாயின் பக்கம் திரும்பி, "போதும்" என்றார்.

கத்தவில்லை. ஆனால் கெஞ்சவும் இல்லை. மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

 டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வாரமா அதுகிட்ட கேட்டுட்டு இருந்தீங்க. இன்னிக்குத்தான் சொன்னீங்க. நாய்க்கு ஒண்ணும் இல்ல. மறுபடி ஒரு தடவை அதே குரல்ல சொல்லுங்க."

அதற்கு அடுத்த தொல்லையைக் கண்டுபிடித்தவர் மாமா. மைதானத்தில் உடுப்புப் போட்ட திருடனைப் பார்த்தால் மாப்பிள்ளை ஒழுங்காகக் குரைக்கிறது, ஒழுங்காக நிறுத்துகிறது. அந்த உடுப்பைப் போடாமல் தெருவில் எதிரே வந்தால் வாலை ஆட்டுகிறது. "அது திருடனைப் பாத்துக் குரைக்கல டீச்சர், நான் தச்ச மெத்தையைப் பாத்துக் குரைக்குது," என்றார். "நிஜத் திருடன் மெத்தை மாட்டிட்டு வரமாட்டான்."

அப்புறம் மைதானத்தை விட்டு வெளியே போனோம். பஸ் நிறுத்தம், மாடிப்படி, மருந்துக்கடை வாசல், கடைசியில் அந்தக் கால்வாய் ஓரப் பாதை. மாமா ஒருநாள் மழைக்கோட்டு போட்டு வந்தார். ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தார். ஒருநாள் தள்ளாடிப் பாடிக்கொண்டே வந்தார். ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மோதுகிற மாதிரி போனார். இதற்கெல்லாம் குரைக்கக் கூடாது. நர்ஸம்மா சொன்னால் மட்டும்தான். நானும் ஒன்றும் செய்யாத ஆளாக நடித்தேன். பையை மாட்டிக்கொண்டு நடந்து போகவேண்டும், அவ்வளவே. "நீ ஒண்ணும் செய்யாம இருக்கறதுல கெட்டிக்காரன் மச்சான்," என்று மாமா அந்தப் பாத்திரத்துக்கு என்னையே தேர்ந்தெடுத்தார்.

கால்வாய்ப் பாதைக்குப் போன முதல் நாள், நர்ஸம்மா முனையிலேயே நின்றுவிட்டார். விழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை, அரைமணி நேரம் சுற்றிக்கொண்டுதான் போகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமா வற்புறுத்தவில்லை. அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"அவன் எப்படி வந்தான்னு சொல்லுங்க சிஸ்டர். எனக்குத் தெரியணும். நான் அப்படியே வரணுமில்ல."

அவர் சொன்னார். எதிரே வந்து விலாசம் கேட்டான். பேப்பரைக் காட்டுகிற மாதிரி பை இருக்கும் பக்கம் நெருங்கினான். இடது கையால் பையின் வாரைப் பிடித்தான்.  மாமா கேட்டுக்கொண்டார். எந்தத் தோள்? எவ்வளவு பக்கத்தில்? பேப்பர் எந்தக் கையில்? மறுபடி சொல்லச் சொன்னார். எழுந்து, அவர் சொன்ன மாதிரியே நடந்து காட்டினார். "இல்ல, இன்னும் மெதுவா வந்தான்," என்று நர்ஸம்மா திருத்தினார். மாமா மறுபடி நடந்தார். அடுத்த நாள் பாதைக்குள் பத்தடி. அதற்கடுத்த நாள் இருபது. இருபதாவது தடவையோ என்னவோ, மாமா பேப்பரை நீட்டி விலாசம் கேட்டபோது, நர்ஸம்மா, "நீங்களும் தினம் கேக்கறீங்க, இன்னும் வீட்டைக் கண்டுபிடிக்கல," என்று சொல்லிச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். சிரித்துவிட்டால் திருடனாக இருக்க முடியாதே.

நாலு மாதம் முடிந்தது. டீச்சர் போதும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு மாப்பிள்ளை உட்கார்ந்ததும், எல்லாரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி சுமாருக்கு நர்ஸம்மா கடைக்கு வந்தார். மாமா தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையை வெளியே கம்பத்தில் கட்டிவிட்டு, நர்ஸம்மா வாசலிலேயே நின்று சொன்னார்.

"இன்னிக்கு வந்தாங்க."

மாமாவின் ஊசி நின்றது.

கால்வாய்ப் பாதையில் இரண்டு பேர். ஒருவன் தள்ளி நின்ற பைக்கில், ஒருவன் நடந்து வந்தான். விலாசம் கேட்கவில்லை, நேரம் கேட்டான். பைப் பக்கம் நெருங்கினான். வார் மேல் கை வைத்தான். நர்ஸம்மா "கவனி" என்றார்.

மாமா கேட்க ஆரம்பித்தார்.

"எந்தப் பக்கமா வந்துச்சு?"

"என் முழங்காலை உரசிட்டு முன்னாடி வந்துச்சு. நடுவுல."

"பாய்ஞ்சுதா?"

"இல்ல. நின்னு குரைச்சுது. அவன் ரெண்டு அடி பின்னாடி போனான், அதுவும் ரெண்டு அடி முன்னாடி போச்சு. பள்ளத்துல ஒரு காலை விட்டு விழுந்தான். எழுந்து ஓடினான்."

"விரட்டிட்டுப் போச்சா?"

"இல்லீங்க. நான் போதும்னு சொன்னேன்."

"எத்தனை தடவை சொன்னீங்க?"

"ஒரே தடவை."

"உடனே நிறுத்திச்சா?"

"உடனே. உக்காந்து என்னைப் பாத்துச்சு. அவன் ஓடிட்டு இருக்கான், அது என்னைப் பாக்குது. அப்புறம் ரெண்டு பேரும் போய், பத்தரை மணி ஊசியைப் போட்டுட்டுத்தான் இங்க வர்றோம். அங்க போயி வழக்கம் போலக் கூடத்துல படுத்துக்கிச்சு."

மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவன் விழுந்ததையோ ஓடியதையோ அவர் மறுபடி கேட்கவில்லை. "ஒரே தடவை," என்றார் தனக்குள். மறுபடி தைக்கப் போனார். மூன்று தையல் போட்டார். மூன்றும் கோணல். மாமா கோணலாகத் தைத்து நான் பார்த்ததே இல்லை. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். நான் கொஞ்சம் விட்டுப் போய்ப் பார்த்தபோது, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா?"

"கண்ணுல பஞ்சு விழுந்துடுச்சு."

முப்பது வருடமாகப் பஞ்சு வேலை செய்கிறவர். 

முகம் கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்தவர், கம்பத்தில் கட்டியிருந்த மாப்பிள்ளைக்கு ஆறடி தள்ளி நின்றார். பழக்கம் அவரை நிறுத்தியது. நர்ஸம்மாதான், "பாடம் முடிஞ்சுதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்கல்ல? தொடுங்க," என்றார். மாமா தரையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை அவரை முகர்ந்தது. கையை முகர்ந்தது, சட்டையை முகர்ந்தது, மழைக்கோட்டையும் நொண்டலையும் தள்ளாட்டத்தையும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்கிறதோ என்று தோன்றும்படி ரொம்ப நேரம் முகர்ந்தது. பிறகு தலையை அவர் தோளில் வைத்தது. மாமா இரண்டு கையாலும் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டியா, ஜெயிச்சுட்டியா," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்கு வந்த ஒருவர் தலையணை உறை கேட்டு நின்றார். அவரைக் கவனிக்க யாரும் இல்லை. நானும் இல்லை.

செய்தி பரவியது. வீடு வீடாகப் போகும் நர்ஸுகள் இன்னும் ஐந்து பேர் தங்கள் நாய்களோடு டீச்சரிடம் வந்தார்கள். ஐந்தும் வாலாட்டுகிற நாய்கள். ஐந்துக்கும் திருடன் மாமாதான்.

அதுவரை அக்கா ஒரு தடவைகூட மைதானத்துக்குப் போனதில்லை. காயத்துக்கு மருந்து போடுவாள், உடுப்பைக் காய வைப்பாள், ஆனால் அவர் கடி வாங்குவதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பாள். மாப்பிள்ளை கதையைக் கேட்ட அடுத்த வாரம், கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் என்னோடு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அன்று ஒரு கறுப்பு நாய்க்கு முதல் குரைப்பு. சின்ன நாய், கூச்சப்படுகிற நாய். மாமா அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அது வாயைத் திறக்க அரைமணி நேரம் ஆயிற்று. திறந்த அடுத்த நொடி மாமா காற்றில் கையை வீசி, ஓடி, உருண்டு, எழுந்து, கால் தடுக்கி மறுபடி விழுந்து, வேலியைத் தாண்டினார். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அந்த ஓட்டம் அதிகம்தான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த நாய்க்காரப் பெண்மணி அக்காவிடம், "பாவம், யாருங்க அவரு, இப்படி விழறாரு?" என்றார்.

"என் வீட்டுக்காரர்," என்றாள் அக்கா. குரலை அவள் தாழ்த்தவில்லை. "அவரு விழல. அந்த நாய் தள்ளிவிட்டுச்சு. சரியா பாருங்க."

அந்தப் பெண்மணி திரும்பி நாயைப் பார்த்தார். கறுப்பு நாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா முழங்காலைத் தட்டிக்கொண்டு, அடுத்த முறை வர எழுந்துகொண்டிருந்தார்.